ஜேன் ஐர் மியூசிக்கல்: ஆறு மாதத்தில் ஏன் மூடினார்கள்?

கிழக்குக்கரை

போன வாரம் தாம்பரத்திலிருந்து ரயிலில் வரும்போது சும்மா எதையோ தேடப்போய் இந்த ஆல்பம் கையில் மாட்டியது. சார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஐர்’ நாவலை மேடையில் பாட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. இசையும் பாடல்வரியும் பால் கார்டன். வசனமும் கூடுதல் வரிகளும் ஜான் கேர்ட். 2000 டிசம்பர் 10இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் திறந்து, 2001 ஜூன் 10இல் மூடியிருக்கிறது. சரியாக ஆறு மாதம், 209 காட்சிகள்.

சேத்துப்பட்டில் இறங்க வேண்டியவன் எழும்பூர் போய்விட்டேன். காரணம் ஒரே பாட்டு: ‘பெயின்டிங் ஹெர் போர்ட்ரெய்ட்’. மார்லா ஷாஃபல் பாடுகிறார்.

என் சந்தேகம் இதுதான். கதை எல்லோருக்கும் தெரிந்தது. இயக்குநர் ஜான் கேர்ட் சாதாரண ஆள் இல்லை. ட்ரெவர் நன்னோடு சேர்ந்து ‘லே மிசரப்ள்’ மியூசிக்கலை மேடையேற்றியவர். மேடை அமைப்பு ஜான் நேப்பியர், அவரும் அதே கூட்டணி. பாட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் ஓடவில்லை?

தாழ்வாரம்

209 எல்லாம் தோல்விக் கணக்கில் வராது நண்பரே. நாவலை மியூசிக்கல் ஆக்கியவர்களின் இடுகாட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ 2008இல் 60 காட்சி. அதே வருடம் லண்டனில் ‘கான் வித் த விண்ட்’ 79. ‘அன்னா கரீனினா’ 1992இல் 46. ‘டாக்டர் ஷிவாகோ’ 2015இல் 23. இவற்றுக்குப் பக்கத்தில் ஜேன் ஐர் தீர்க்காயுசு.

‘லே மிசரப்ள்’ ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கெட்டார்கள். பிராட்வேயில் முதல் ஓட்டமே 6,680 காட்சி. தடிமனான நாவல், சுழலும் மேடை, கிழிந்த சட்டை போட்ட கோரஸ், இவ்வளவு இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

லோவுட் மாணவி

கல்லூரியில் இந்த நாவலைப் பன்னிரண்டு வருடமாக நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக்கரை எழும்பூர் வரை போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்தப் பாட்டு நாவலின் 16ஆம் அத்தியாயத்திலிருந்து வருகிறது. ஜேன் ஆசிரியையாக இருக்கும் மாளிகையில் வீட்டு நிர்வாகி ஃபேர்ஃபாக்ஸ் அம்மாள், பிளான்ஷ் இங்ரம் என்ற சீமாட்டி எவ்வளவு அழகு என்று வர்ணித்துவிட்டுப் போகிறார். மாளிகைச் சொந்தக்காரர் ரோச்செஸ்டர் மேல் ஆசைப்பட ஆரம்பித்த தன் மனத்தை ஜேன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, தானே தீர்ப்பும் சொல்கிறாள். நாளைக்குக் கண்ணாடியை எதிரில் வைத்து உன் முகத்தை வரை, ஒரு குறையையும் மழுப்பாதே, அடியில் ‘உறவற்ற, ஏழையான, அழகற்ற ஒரு ஆசிரியையின் படம்’ என்று எழுது. அப்புறம் வழவழப்பான தந்தத் துண்டு ஒன்றை எடுத்து, உனக்குத் தெரிந்த மிக அழகான முகத்தை அதில் தீட்டு.

இதில் மாணவர்கள் கவனிக்காமல் போகிற ஒரு விஷயம் உண்டு. தன் முகத்தை வரைய ஜேனுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதுமாக இருக்கிறது. பிளான்ஷின் முகத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம். அவ்வளவுக்கும் பிளான்ஷை அவள் அதுவரை பார்த்ததே இல்லை! அடுத்தவர் வாயால் கேட்டதை வைத்து, தன்னை அடிக்கத் தானே பிரம்பு சீவுகிறாள். இரண்டு வாரம் உட்கார்ந்து நிதானமாகச் சீவுகிறாள்.

பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கை வேலை செய்கிறது, வாய் பாடுகிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. மேடைக்கு வேண்டிய மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நாவலில் இப்படிப்பட்ட இடங்கள் மொத்தமே நாலைந்துதான். மீதி இடமெல்லாம் ஜேன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாசகரிடம் மட்டும் பேசுகிறாள். ரோச்செஸ்டருக்கு முன்னால் ‘ஆமாம் ஐயா’, ‘இல்லை ஐயா’. உள்ளே எரிமலை. அது நமக்கு மட்டும் தெரியும், அவனுக்குத் தெரியாது. படிக்கிற ருசியே அதில்தான் இருக்கிறது.

மியூசிக்கலில் மனசில் இருப்பதைப் பாடியாக வேண்டும். ஆயிரம் பேர் கேட்கிற மாதிரி பாடிவிட்ட பிறகு அது என்ன ரகசியம்? நாவலில் ‘வாசகரே’ என்று நம் காதோடு பேசுகிற குரலை, அரங்கத்தைப் பார்த்துக் கதை சொல்கிற குரலாக மாற்றியிருக்கிறார்கள், கோரஸும் சேர்ந்து சொல்கிறது. அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை.

தாழ்வாரம்

> மனசில் இருப்பதைப் பாடியாக வேண்டும்

டீச்சர், அப்படிப் பார்த்தால் எந்த நாவலையுமே பாட்டாக்க முடியாதே. ‘லே மிசரப்ள்’ நாயகன் ழான் வால்ஜான் மட்டும் என்ன, மனசைத் திறந்து கொட்டுகிற ஆளா?

லோவுட் மாணவி

வால்ஜான் தன்னை ஒளித்துக்கொள்வது போலீஸிடமிருந்து. மேடையில் துரத்துகிற ஆளும் இருக்கிறான், ஓடுகிற ஆளும் இருக்கிறான். ஜேன் ஒளிவது தன்னிடமிருந்தே. துரத்துபவரும் அவள்தான். அதற்கு மேடையில் என்ன காட்டுவீர்கள்?

கணக்குப்பிள்ளை

இலக்கியம் ஒருபுறம் இருக்கட்டும். நாடகம் மூடுவது அழகியல் காரணத்தால் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாரச் செலவு.

பிராட்வேயில் வாரத்துக்கு எட்டு காட்சி. ஜேன் ஐர் நடந்த புரூக்ஸ் அட்கின்ஸன் அரங்கில் ஆயிரத்துச் சொச்சம் இருக்கை. மியூசிக்கலுக்கு இது சின்ன இடம். கலைஞர்கள், இசைக்குழு, மேடைப் பணியாளர், அரங்க வாடகை, விளம்பரம் எல்லாம் வாராவாரம் கொடுத்தே தீர வேண்டியவை. முதலில் போட்ட முதல் தனி. அது வாரச் செலவு போக மிஞ்சும் பணத்திலிருந்துதான் திரும்ப வேண்டும். கூட்டம் பாதியாகக் குறைந்தால் லாபம் பாதியாகும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பாதிக் கூட்டத்தில் லாபமே கிடையாது, கைக்காசு போகும். பெரிய இயந்திர மேடை என்றால் இன்னும் மோசம், அதை ஓட்டும் ஆட்களுக்கும் சம்பளம் உண்டு.

அடுத்தது காலம். டிசம்பரில் திறக்கிறார்கள். விடுமுறைக் கூட்டம் கொஞ்ச நாள் தாங்கும். ஜனவரி, பிப்ரவரி நியூயார்க்கில் பனி. நாடகத் தொழிலுக்கே வறட்சிக் காலம். அதைத் தாண்டி மூச்சு வாங்கும்போது ஏப்ரலில் ‘த ப்ரொட்யூசர்ஸ்’ என்ற மியூசிக்கல் வந்து இறங்குகிறது. ஊரே அங்கே வரிசையில் நிற்கிறது.

பிராட்வேயின் பெரிய விருதான டோனிக்கு ஜேன் ஐர் ஐந்து பிரிவுகளில் பரிந்துரை பெற்றது: சிறந்த மியூசிக்கல், கதைவசனம், இசை, நடிகை, ஒளியமைப்பு. ஜூன் 3 விழாவில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ‘த ப்ரொட்யூசர்ஸ்’ மட்டும் 12 விருது, அது சாதனை. நடிகை விருது ‘42ஆம் தெரு’வில் நடித்த கிறிஸ்டீன் எபர்சோலுக்குப் போனது. அடுத்த ஞாயிறு ஜேன் ஐர் கடைசிக் காட்சி.

கிழக்குக்கரை

ஒரு வாரத்தில் கதை முடிந்ததா! ஷாஃபலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா?

கணக்குப்பிள்ளை

டிராமா டெஸ்க் என்ற இன்னொரு நாடக விருது கிடைத்தது. அதற்குத் தொலைக்காட்சிக் கூட்டம் கிடையாது.

இன்னொன்று. மே மாதமே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அப்போது பாடகி அலனிஸ் மோரிசெட் சுமார் 150,000 டாலருக்கு டிக்கெட் வாங்கித் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தார். அதனால்தான் ஜூன் வரை இழுத்தார்கள். கேட்கப் பெரிய தொகை. ஒரு டிக்கெட் 75 டாலர் என்று வைத்துக்கொள்வோம், 2,000 இருக்கை. இரண்டு காட்சி நிறையும். அவ்வளவுதான்! நாடகத் தொழில் பணத்தைக் குடிக்கிற வேகம் அப்படி.

ஜேனுக்குச் சித்தப்பா விட்டுப்போன 20,000 பவுனைக் கொட்டியிருந்தாலும் கோடை தாண்டியிருக்காது. அதையும் அந்தப் பெண் நாலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டாளே.

ஸ்கார்பரோ சித்தப்பா

பிள்ளைகளே, இது பிராட்வேயில் தொடங்கின கதை இல்லை. 1995 முடிவில் கன்சாஸில் விச்சிட்டா என்ற ஊரில் சின்னதாய் வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு 1996 கடைசியில் இங்கே டொராண்டோவில், கிங் தெருவில் இருக்கிற ராயல் அலெக்ஸாண்ட்ரா தியேட்டரில் போட்டார்கள். ரோச்செஸ்டராய் ஆன்டனி கிரிவெல்லோ. 1999இல் கலிபோர்னியாவில் லா ஹோயா. அதற்கும் பிறகுதான் நியூயார்க்.

நான் அப்போது வந்து இரண்டு வருசம். டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் இரவில் கோப்பை கழுவுகிற வேலை. கிங் தெருவால் ஸ்ட்ரீட்கார் போகும்போது அந்தத் தியேட்டர் வாசலில் வெளிச்சம் போட்டு ‘ஜேன் ஐர்’ என்று எழுதியிருந்ததைக் கண்டேன். யாழ்ப்பாணத்தில் சுருக்கப் பதிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகம். சிறுமி ஜேனைச் சிவப்பு அறையில் பூட்டி வைப்பார்களே, அந்த இடம் அப்படியே ஞாபகம் வந்தது. உள்ளே போகக் காசும் இல்லை, நேரமும் இல்லை. அந்த உணவகத்துக்காரர் கடைசி இரண்டு கிழமைச் சம்பளத்தையும் தராமல் விட்டது வேறு கதை.

பிறகு என்ர மகள் உயர்பள்ளியில் படிக்கும்போது நூலகத்தில் இருந்து அந்த சிடியை எடுத்து வந்தாள். அதைக் கேட்டு அந்தப் பிள்ளை புத்தகம் படித்தது. நான் சொல்லிப் படிக்காத பிள்ளை.

மேடைக்குப்பின்

சித்தப்பா, அந்த வாசல் வெளிச்சம் ஒன்றுக்காகவே இந்த இழையை மேலே குத்தி வைக்கலாம்.

நான் நாடகங்களுக்கு விளக்குப் போடுகிறவன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். ஒளியமைப்பு ஜூல்ஸ் ஃபிஷர், பெகி ஐசன்ஹவர். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு பேரும் குலதெய்வம் மாதிரி. படங்களைப் பாருங்கள்: மேடையில் பெரும்பகுதி இருட்டு. அந்த இருட்டில் ஒளிப்படிமங்கள் மிதக்கின்றன, சட்டங்கள் சுழல்கின்றன, மரமும் ஜன்னலும் வந்து வந்து கரைகின்றன. ரோச்செஸ்டரின் தார்ன்ஃபீல்ட் மாளிகையை மரத்திலும் துணியிலும் கட்டாமல் வெளிச்சத்தில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

யோசனை பிரமாதம். ஆனால் இருட்டு மேடையில் ஒரு தொல்லை உண்டு. விளக்குப் போடுகிறவனுக்குத்தான் அது தெரியும். நடிகர் முகத்தில் விழும் வெளிச்சம் கொஞ்சம் வழிந்தாலும் பின்னால் இருக்கும் படிமம் வெளுத்துப்போகும். அதனால் முகத்து வெளிச்சத்தைக் குறைப்போம். குறைத்தால் பத்தாவது வரிசைக்கு அப்பால் கண் தெரியாது. ஜேன் மாதிரி அடக்கி வாசிக்கிற பாத்திரத்துக்குக் கண்தான் எல்லாம். டீச்சர் சொன்ன எரிமலை வெளியே தெரிய வேண்டிய ஒரே ஓட்டை அதுதான்.

லோவுட் மாணவி

இதைத்தான் நான் ஒரு பக்கம் எழுதியும் சொல்ல முடியாமல் தவித்தேன்.

வெண்ணிலாக் கஞ்சி

எல்லோரும் ஜேன், ஜேன் என்கிறீர்கள். மாடியில் பூட்டி வைத்தவளைப் பற்றி யாராவது வாயைத் திறந்தீர்களா? பெர்த்தா மேசன், ரோச்செஸ்டரின் முதல் மனைவி. ஜமைக்காவிலிருந்து கட்டிக்கொண்டு வந்து, மூன்றாம் மாடியில் அடைத்து, அவளைக் காட்டியே கதாநாயகன் மேல் பரிதாபம் வரவைக்கிற கதை இது. ஜீன் ரீஸ் 1966இல் ‘வைட் சர்காசோ ஸீ’ எழுதி அவள் பக்கத்தைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் 34 வருடம் கழித்து வந்த நாடகம், அவளுக்கு என்ன கொடுத்தது? கூச்சல். மற்றவர்களுக்கெல்லாம் தனிப்பாட்டு. மியூசிக்கலில் தனிப்பாட்டு இல்லாதவர் மனுஷரே இல்லை என்றுதானே அர்த்தம்?

தாழ்வாரம்

நாவலில் இல்லாததை நாடகத்தில் கேட்கிறீர்கள்.

வெண்ணிலாக் கஞ்சி

நாவலில் ஃபேர்ஃபாக்ஸ் அம்மாகூட ராகம் போட்டுப் பாடி மனசைத் திறப்பதில்லை. அதைச் சேர்க்க முடிந்ததல்லவா? ஃபேர்ஃபாக்ஸ் அம்மாவுக்கு ஒரு சிரிப்புப் பாட்டு, ரோச்செஸ்டர் போடும் குறிசொல்லும் கிழவி வேஷத்துக்கு ஒரு பாட்டு. இடமிருந்தது. மனசில்லை.

லோவுட் மாணவி

வெண்ணிலா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். பெர்த்தாவைப் பாட வைத்தால் அது வேறு நாடகமாகிவிடும். நல்ல நாடகமாகவும் ஆகலாம், ஆனால் அப்போது ரோச்செஸ்டரை மன்னிக்கவே முடியாது. இவர்கள் முழு நாடகத்தையும் மன்னிப்பு என்ற சரட்டில்தான் கோர்த்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஜேனின் பள்ளித் தோழி ஹெலன் பர்ன்ஸ் ‘ஃபர்கிவ்னஸ்’ (மன்னிப்பு) என்று ஒரு பாட்டுப் பாடுகிறாளே, அது பின்னால் மறுபடி வரும்.

இன்னொரு வெட்டும் இருக்கிறது, அதில் நமக்கும் ஒரு கண்ணி உண்டு. நாவல் ரோச்செஸ்டரோடு முடிவதில்லை. ‘வாசகரே, அவரை மணந்தேன்’ என்பது கடைசி அத்தியாயத்தின் முதல் வரி. கடைசிப் பத்தி செயிண்ட் ஜான் ரிவர்ஸைப் பற்றியது. ஜேனைத் திருமணம் செய்து மிஷனரி வேலைக்கு இந்தியா கூட்டிப்போக நினைத்தவர். ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவளை நிறுத்தி இந்துஸ்தானி படிக்க வைத்தவர். கடைசியில் தனியாகவே போய், இந்தியாவில் சாவை எதிர்நோக்கி எழுதிய கடிதத்தோடு நாவல் முடிகிறது. காதல் கதை என்று நினைத்துப் படிப்பவர்களுக்கு அது ஒரு குட்டு. நாடகத்தில் அந்த மனிதர் வந்த வேகத்தில் போய்விடுகிறார், ஜேனும் ரோச்செஸ்டரும் ‘பிரேவ் இனஃப் ஃபார் லவ்’ பாட, திரை. மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், புரிகிறது. ஆனால் ஜேனுக்கு எதிரில் இரண்டு வழி சரிசமமாக இருந்தது என்பதே இல்லாமல் போகிறது. ஒருவழிப் பாதையில் திரும்பி வருவதில் என்ன தைரியம்?

கிழக்குக்கரை

இந்துஸ்தானி விஷயம் எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. ‘ஸ்வீட் லிபர்ட்டி’ பாட்டு எப்படி டீச்சர்? எனக்கு அது கொஞ்சம் சினிமாத்தனமாகப் பட்டது.

லோவுட் மாணவி

நாவலின் 10ஆம் அத்தியாயம். லோவுட் பள்ளியில் எட்டு வருடம் இருந்த பெண், ஜன்னலைத் திறந்து மலைகளைப் பார்த்து, எட்டு வருடப் பழக்கம் ஒரே பிற்பகலில் சலித்துவிட்டது என்கிறாள். சுதந்திரம் வேண்டும் என்று வேண்டுகிறாள். அந்த வேண்டுதல் காற்றில் போய்விட்டது என்று தோன்ற, மாற்றமாவது கொடு என்கிறாள். அதுவும் போய்விட, கடைசியில் ‘புதியதொரு அடிமைத்தனமாவது கொடு’ என்று முடிக்கிறாள். மூன்று வரியில் மூன்று படி இறங்குகிற கெஞ்சல்! வருடத்துக்கு 15 பவுனிலிருந்து 30 பவுன் வேலைக்குப் போவதுதான் அவளுக்குக் கிடைத்த சுதந்திரம். பாட்டோ ஏறிக்கொண்டே போகிறது, கடைசி ஸ்வரத்தில் கைதட்டு வாங்க வேண்டுமே. வார்த்தை இறங்குகிற இடத்தில் மெட்டு ஏறுகிறது. உங்களுக்குச் சினிமாத்தனமாகப் பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

மேடைக்குப்பின்

பால் கார்டன் அதற்கு முன் பாப் பாட்டு எழுதியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1986இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஒரு காதல் டூயட்டில் அவர் பங்கு உண்டு. அந்தப் பழக்கம் விடுமா?

இகேபுகுரோ

தோக்கியோவிலிருந்து எழுதுகிறேன், பல நாளாகச் சத்தமில்லாமல் படிக்கிற ஆள். இந்த நாடகம் செத்துவிட்டது போல எல்லோரும் பேசுவதால் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

இங்கே 2009லேயே ஜான் கேர்ட் வந்து நிசேய் அரங்கில் ஜப்பானிய மொழியில் போட்டார். ஜேனாக மாட்சு தகாகோ. 2012இல் மறுபடியும் போட்டார்கள். 2023இல் புதிதாக, என் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் இருக்கும் தோக்கியோ கலையரங்கில். அதை நான் பார்த்தேன். என் ஜப்பானியம் கடையில் பேரம் பேசுகிற அளவு. ஆனாலும் கதை தெரியுமே.

கமிஷிராயிஷி மோனே, யபிகு தோமோனா என்று இரண்டு நடிகைகள். ஒருநாள் ஒருவர் ஜேன், மற்றவர் ஹெலன். அடுத்த காட்சியில் மாற்றிக்கொள்வார்கள். இது விளம்பர உத்தி என்று நினைத்துத்தான் போனேன். ஹெலன் சாகிற இடத்தில் என் எண்ணம் மாறிப்போனது. இன்றைக்குச் சாகிற பெண் நாளைக்கு ஜேனாக நிற்கப்போகிறாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தவர் கடைசி வரை மடியில் வைக்கவே இல்லை.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு ஜப்பானியத் தோழிக்கு ஜேன் கொஞ்சமும் புதிராகப் படவில்லை. ‘மனசில் உள்ளதை வெளியே சொல்லாத பெண்ணா? எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான்’ என்றார்.

லோவுட் மாணவி

ஐயோ, இதைக் கேட்க எனக்குப் புல்லரிக்கிறது. ஹெலன் பாத்திரம் சார்லட்டின் அக்கா மரியாவை வைத்து எழுதியது. கோவன் பிரிட்ஜ் பள்ளியில் நோய் கண்டு வீட்டுக்கு வந்து 1825இல் பதினொரு வயதில் இறந்த அக்கா. அந்த வருடமே அடுத்த அக்கா எலிசபெத்தும் போனாள். நாவலில் ஹெலனின் புதைமேட்டில் பதினைந்து வருடம் கல்லே இல்லை. பிறகு யாரோ ஒரு கல் வைத்தார்கள் என்று மட்டும் வரும். யார் என்று ஜேன் சொல்ல மாட்டாள், நமக்குத் தெரியும். இறந்த அக்காவும் பிழைத்த தங்கையும் இடம் மாறி நிற்பது என்றால், நூலை ஊன்றிப் படித்தவர்தான் அதை யோசித்திருக்க முடியும். நியூயார்க்கில் இது இல்லை, இல்லையா?

கணக்குப்பிள்ளை

இல்லை. அங்கே ஹெலன் தனி நடிகை.

கேர்டும் கார்டனும் அதற்குப் பிறகு ‘டாடி லாங் லெக்ஸ்’ செய்தார்கள். இரண்டே நடிகர்கள், சின்னக் குழு. பெண் கடிதம் எழுதுகிறாள், ஆண் படிக்கிறான். வாரச் செலவு கைக்கடக்கம். பிராட்வே அடித்த அடியில் படித்த பாடம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தாழ்வாரம்

கடிதம் எழுதுகிற பெண் என்றால் மனசைத் திறந்து பாடலாம், டீச்சரும் கோபிக்க மாட்டார்கள்.

லோவுட் மாணவி

மாட்டேன். கடிதத்தில் மறைப்பது எப்படி என்று தனி வகுப்பு எடுப்பேன்.

கிழக்குக்கரை

சித்தப்பா, அந்த சிடி உங்கள் நூலகத்தில் இன்னும் இருக்கிறதா? அட்டைக்குள் பாடல்வரிப் புத்தகம் இருந்தால் ‘ஸ்வீட் லிபர்ட்டி’ பக்கத்தில் அந்த மூன்று படியும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் இங்கே பழைய சிடி ஒன்று வரவழைத்தேன். பெட்டி வந்தது, உள்ளே யாரோ சமையல் குறிப்பு டிவிடி.

ஸ்கார்பரோ சித்தப்பா

பொறு தம்பி, மகளிடம் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்கார்பரோ சித்தப்பா

இருக்கிறதாம். ஆனால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இன்னும் ஒரு ஆள் வரிசையில் நிற்கிறாராம்.